டின்னவெலி சென்னா - ஒரு பேதி மருந்தும் எங்க ஊர் பேரும்

வரலாற்றுப் பதிவு ஒண்ணு போட்டு ரொம்ப நாளாச்சு. இந்த வாட்டி விஷயம் கொஞ்சம் வயிறு சம்பந்தப்பட்டது. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க சாப்பிட்டு முடிச்சிட்டு வாங்க, பதிவு எங்கயும் ஓடிடாது :-)

கடையத்துல இருந்து எழுதுறேன்னு சொன்னாலே "பாரதி பத்தியா?"ன்னு கேப்பீங்க. செல்லம்மா ஊரு, 1918 கடைசியில கடலூர் ஜெயில்ல இருந்து வெளிய வந்து ரெண்டு வருஷம் பாரதி இங்கதான் இருந்தாரு, எல்லாம் சரிதான். அதை எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. நான் எழுதப்போறது ஒரு மஞ்சப்பூச் செடியைப் பத்தி. அதுவும் நம்ம நாட்டுச் செடி கிடையாது. சூடான், அரேபியா பக்கத்துப் பாலைவனத்துல தானா முளைக்கிறது. ஆனா உலகம் முழுக்க மருந்துக்காரங்க அதை எங்க பழைய ஜில்லா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க.

இது எனக்குத் தெரியவந்த விதம் ஒரு மாதிரியானது.

எங்க அத்தைக்கு (அப்பாவோட அக்கா) எழுபது தாண்டியாச்சு. ரொம்ப வருஷமா மலச்சிக்கல். டாக்டர்கிட்ட இதைப் போயி சொல்றதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு, சந்தையில விக்கிற ஒரு மூலிகைப் பொடியை வாங்கி ராத்திரி ஒரு ஸ்பூன் வெந்நீர்ல கலக்கிக் குடிச்சிட்டுப் படுப்பாங்க. காலையில எல்லாம் சுமுகம். முதல்ல ஒரு ஸ்பூன், அப்புறம் ஒண்ணரை, அப்புறம் ரெண்டு. ஏழெட்டு வருஷம் இப்படியே ஓடியிருக்கு. மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு நாள் கெண்டைக்கால் ரெண்டும் சுருட்டி இழுத்து, எந்திரிக்க முடியாம, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு கிடந்தவங்களைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தத்துல பொட்டாசியம் தரைமட்டத்துல இருக்குன்னாங்க. "என்ன மாத்திரை சாப்பிடுதீங்க?"ன்னு டாக்டர் கேட்டதுக்கு அத்தை சொன்ன பதில் இன்னும் காதுல இருக்கு.

"மருந்து மாத்திரையெல்லாம் ஒண்ணும் கிடையாது சார். வெறும் பச்சிலைப் பொடிதான்."

அந்தம்மா டாக்டர் (ஆமா, அத்தைக்கு எல்லா டாக்டரும் சார்தான்) பொடி டப்பாவை எடுத்துட்டு வரச் சொல்லிப் பாத்துட்டு, "இது நிலாவரை. இனிமே தொடக்கூடாது"ன்னாங்க. நாலு நாள் பொட்டாசியம் ஏத்தி வீட்டுக்கு அனுப்பினாங்க.

கதை இத்தோட முடிஞ்சிருந்தா பதிவே கிடையாது. அத்தை மகன் லண்டன்ல இருக்கான். அம்மாவுக்கு இப்படி ஆயிட்டுதேன்னு பதறிப்போயி, "நாட்டுமருந்தே வேண்டாம்மா, இங்க நல்ல இங்கிலீஷ் மாத்திரை கிடைக்கு"ன்னு ஊருக்கு வந்த ஒருத்தர்கிட்ட நாலு டப்பா குடுத்து விட்டான். அத்தைக்குச் சந்தோஷம். தார்சாவுல உக்காந்து என்கிட்ட நீட்டி, "ஏல, கண்ணாடி போட்டுக்கிட்டு இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு"ன்னாங்க.

பொடி எழுத்துல போட்டிருந்தது: டின்னவெலி சென்னா.

டின்னவெலின்னா வெள்ளைக்காரன் வாயில திருநெல்வேலி. சென்னான்னா நிலாவரை. எந்த எலையைத் தொடாதன்னு டாக்டர் சொன்னாங்களோ அதே எலை. நூறு கிலோமீட்டர் கிழக்க தூத்துக்குடி பக்கத்துப் புஞ்சையில வெளைஞ்சு, கப்பலேறிப் போயி, மாத்திரையாகி, ப்ளேன் ஏறி கடையத்துக்கே திரும்பி வந்திருக்கு. அத்தைகிட்ட சொன்னேன். "போல கூறுகெட்டவனே, லண்டன் மருந்தும் சந்தைப் பொடியும் ஒண்ணாகுமா"ன்னுட்டாங்க. அவங்களை ஒத்துக்க வைக்கிறதுக்காகப் படிக்க ஆரம்பிச்சதுதான், எங்கெங்கயோ இழுத்துட்டுப் போயிட்டு.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீத்துருவோம். நிலாவரைன்னு சொன்னதும் நம்மாளுங்க பாதிப் பேரு ஆவாரையை நினைச்சுக்கிடுவாங்க. ரெண்டும் ஒரே குடும்பம், ரெண்டுலயும் அஞ்சு இதழ் மஞ்சப்பூ, அதனால வர்ற குழப்பம். ஆவாரை நம்ம மண்ணோட செடி. குறிஞ்சிப்பாட்டுல கபிலர் அடுக்குற பூக்கள்ல ஆவிரையும் ஒண்ணு. ரோட்டோரம் ஆளுயரத்துக்குப் புதரா நிக்கும். அதோட எலைக் காம்பு தண்டுல சேர்ற எடத்துல காது மடல் மாதிரி ரெண்டு சின்ன எலை ஒட்டிக்கிட்டு இருக்கும், அதைப் பாத்தா போதும், ஆவாரைதான். நிலாவரை அவ்வளவு வளராது, முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவுல நின்னுக்கிடும். எலை ஒடுங்கி, நுனி கூரா, லேசா நீலம் கலந்த பச்சை. காயி தட்டையா, அமுக்கி வச்ச தோல் மாதிரி இருக்கும், உள்ள ஆறேழு விதை எழும்பித் தெரியும். சில பேர் நிலவாகைம்பாங்க. ஆவாரம்பூவைக் காய வச்சு டீ போட்டுக் குடிக்கிறவங்க, நாட்டுமருந்துக் கடையில தப்பித் தவறி இந்த எலையை வாங்கிட்டு வந்துட்டா மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொல்ல வேண்டியதுதான்.

எங்க ஊருக்குப் பக்கத்துல பொட்டல்புதூர். முகைதீன் ஆண்டவர் தர்கா இருக்கிற ஊரு. அங்க எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. அவர்கிட்ட இதைப் பேசிக்கிட்டு இருக்கையில "என்னவே, இது எங்க வாப்பும்மா வச்சிருந்த சனா மக்கில்லா"ன்னாரு. ஹஜ்ஜுக்குப் போயிட்டு வர்றவங்க ஜம்ஜம் தண்ணி, பேரீச்சம்பழத்தோட இந்தக் காஞ்ச எலையையும் ஒரு பொட்டலம் கொண்டு வருவாங்களாம். சனாங்கிறது அரபுப் பேரு, மக்கின்னா மக்காவுடையது. நபிமொழியிலயே இந்தச் செடி பத்தி வருதுன்னு பாய் சொன்னாரு. அந்த சனாதான் ஐரோப்பாவுக்குப் போயி சென்னா ஆச்சு. கிரேக்க வைத்தியர்களுக்கு இந்தச் செடி தெரியாது. அரபு வைத்தியர்கள் எழுதி வச்சதுல இருந்துதான் ஐரோப்பாக்காரன் கத்துக்கிட்டான்.

அப்புறம் பல நூறு வருஷம் இந்தச் சரக்கு எகிப்து வழியாத்தான் போச்சு. நூபியா, சூடான் பக்கம் காட்டுல தானா வளர்றதை அந்த ஊரு மக்கள் அறுத்து, பாறை மேல காய வச்சு, ஒட்டகத்துல ஏத்தி நைல் நதிக்குக் கொண்டு வருவாங்க. அங்கிருந்து படகுல கெய்ரோ, கடைசியில அலெக்சாண்டிரியா துறைமுகம். அதனால அதுக்கு அலெக்சாண்டிரியா சென்னான்னு பேரு. எகிப்து அரசாங்கம் இந்த வியாபாரத்தைத் தன் கையிலயே வச்சுக்கிட்டு ஏகபோகமா நடத்தினது. ஏகபோகம்னா என்ன ஆகும்? நம்ம ரேஷன் கடை அரிசி கதைதான். ஆர்கெல்னு ஒரு பாலைவனச் செடி, அதோட எலையைப் பிடி பிடியா அள்ளிக் கலந்தாங்க. கொழுஞ்சி ஜாதிச் செடி எலையையும் சேத்தாங்க. குச்சி, கல்லு, மண்ணு எல்லாம் உண்டு. இது போக ஐரோப்பாவுல இருந்த சில வியாபாரிங்க கொரியாரியான்னு ஒரு விஷச் செடியோட எலையைக் கலந்து வித்தாங்க. அது வயித்தைக் கலக்கறதோட நிக்காது, ஆளையே கொன்னுடும். அந்தக் காலத்து ஐரோப்பிய மருந்து நூல்களைத் திறந்தா, சென்னா பத்தின அத்தியாயத்துல பாதி "கலப்படத்தைக் கண்டுபிடிக்கிறது எப்படி"ங்கிறதுதான்.

இந்த எடத்துலதான் திருநெல்வேலி உள்ள வருது.

1800-ஐ ஒட்டி கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்களுக்கு ஒரு ஆசை. டச்சுக்காரன் கையில இருந்த ஜாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டை எல்லாத்தையும் நாமளே வெளைய வச்சா என்ன? அதுக்கு அவங்க தேர்ந்தெடுத்த எடம் நம்ம குற்றாலம். அருவி, சாரல், நெழலு, எல்லாம் இருக்கே. காசாமேஜர்ங்கிற அதிகாரி காலத்துல அங்க வாசனைத் தோட்டம் போட்டாங்க. மரம் வளந்துது, காயும் காய்ச்சுது. ஆனா அந்த ஜாதிக்காயால திருநெல்வேலி பேரு லண்டன் சந்தையில ஏறலை. அந்தப் பேரை ஏத்தினது, ஒரு அருவியும் இல்லாத, சாரலும் எட்டாத, சீமைக்கருவேலை வர்றதுக்கு முந்தின கிழக்குச் சீமை.

நூல்கள்ல இதுக்கு அடிபடுற பேரு ஜார்ஜ் ஹியூஸ். திருநெல்வேலி ஜில்லாவுல பருத்தி, அவுரின்னு பல பயிர் வச்சுப் பாத்த வெள்ளைக்காரத் தோட்டக்காரர். 19-ஆம் நூற்றாண்டோட முதல் பாதியில நிலாவரையைப் பயிரா வச்சு எடுத்து லண்டனுக்கு அனுப்பினாரு. அதே சமயத்துல வடக்க சஹாரன்பூர் தாவரத் தோட்டத்துல ஜான் ஃபோர்ப்ஸ் ராயில்ங்கிற டாக்டரும் இதை வளத்துப் பாத்துட்டு, கம்பெனிக்கு லாபம் தரக்கூடிய சரக்குன்னு எழுதிக்கிட்டு இருந்தாரு. ஆனா பேரு நின்னது நம்ம சரக்குக்கு.

ஏன் நின்னுதுன்னுதான் கேக்கணும். செடி ஒண்ணுதான். அரேபியாவுல காட்டுல பறிச்சு பம்பாய் வழியா லண்டன் போனதும் இதே ஒடுங்கின எலை ஜாதிதான், அதை மட்டச் சரக்குன்னு ஓரமா வச்சாங்க. திருநெல்வேலி எலைக்கு மட்டும் தனி மரியாதை. காரணம், இங்க அது காட்டுல அறுத்த களை கிடையாது, விதைச்சு, களையெடுத்து, கையால ஒவ்வொரு எலையா உருவி, நெழல்ல பரப்பி, புரட்டிப் புரட்டி விட்டுக் காய வச்சது. எலை ஒடையாது, பச்சை மாறாது, குச்சி மண்ணு கலக்காது. ஃப்ளூக்கிகர், ஹான்பரி ரெண்டு பேரும் சேர்ந்து 1874-ல போட்ட ஃபார்மகோகிராஃபியாங்கிற பெரிய மருந்து வரலாற்று நூல்ல திருநெல்வேலி சென்னா தனியாப் பேசப்படுது. 1860கள்ல வந்த பிரிட்டிஷ் பார்மகோபியாவுலயே அலெக்சாண்டிரியா ஒண்ணு, திருநெல்வேலி ஒண்ணுன்னு ரெண்டையும் வரிசையில வச்சாச்சு.

ஹியூஸ் பேரு புத்தகத்துல இருக்கு. எலை உருவின பொம்பளைங்க பேரு எங்கயும் கிடையாது. ஒரு ஏக்கர் நிலாவரையை உருவுறதுன்னா எத்தனை நாள் குனிஞ்சு நிக்கணும்னு நான் பத்தே பத்து செடி வச்சுப் பாத்தப்போதான் எனக்குத் தெரிஞ்சுது. சரக்கோட சுத்தம்னு லண்டன்காரன் பாராட்டினது முழுக்க அந்த விரல்களைத்தான்.

அந்தக் காலத்துல லண்டன் சந்தையில எங்க ஜில்லா பேரைத் தாங்கிப் போன சரக்கு ரெண்டு. ஒண்ணு பருத்தி. கரிசல்ல வெளைஞ்ச பருத்திக்கு வியாபாரிங்க வச்ச பேரே "டின்னவெலீஸ்". 1861-ல அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் வந்து அங்கிருந்து பஞ்சு நின்னப்போ அதுக்கு வந்த மவுசு சொல்லி மாளாது. இன்னொண்ணு இந்த பேதி எலை. பருத்திப் பேரு எப்பவோ போயிட்டு, பஞ்சு வியாபாரிகளோட பழைய ஏடுகள்ல மட்டும் இருக்கு. எலைப் பேரு இன்னும் இருக்கு. ஒரு ஊருக்கு என்ன மாதிரி புகழ் நிக்கும்னு யாரால சொல்ல முடியும் :-)

இதுல இன்னொரு தமாஷ். செடியோட இன்றைய அறிவியல் பேரு சென்னா அலெக்சாண்டிரினா. 1768-ல மில்லர் வச்ச பேரு. 1790-ல வாஹ்ல்ங்கிறவர் நம்ம ஒடுங்கின எலைக்கு காசியா அங்குஸ்டிஃபோலியான்னு தனியா ஒரு பேரு வச்சிருந்தாரு. பிற்பாடு ரெண்டும் ஒரே இனம்தான்னு தாவரவியல்காரங்க முடிவு பண்ணி, முதல்ல வச்ச பேருன்னு அலெக்சாண்டிரியாவுக்குக் குடுத்துட்டாங்க. ஆனா மருந்துக்காரங்க கேக்கலை. ஐரோப்பிய பார்மகோபியா ரொம்ப காலம் அலெக்சாண்டிரியா காயி, டின்னவெலி காயின்னு ரெண்டு தனித் தலைப்பா வச்சிருந்துது. இன்னைக்கு ராஜஸ்தான்ல ஜோத்பூர் பக்கமும், குஜராத்துல கட்ச் பக்கமும் மணல்ல இதைப் பயிர் வைக்கிறாங்க, சோனாமுகின்னு பேரு. அதுவும் டின்னவெலி சென்னாங்கிற பேருல ஏற்றுமதி ஆகுது. பாலைவனத்துச் செடி மறுபடி பாலைவனத்துக்கே போயிருக்கு, போகும்போது எங்க ஊர் பேரையும் எடுத்துக்கிட்டு.

எங்க ஊர்னு நான் சொல்றேனே தவிர, கணக்குப் பாத்தா அதுவும் இடிக்குது. நிலாவரை வெளையுற கிழக்குப் பக்கம் 1986-ல தூத்துக்குடி மாவட்டமாப் பிரிஞ்சு போச்சு. நான் இருக்கிற கடையம் 2019 நவம்பர்ல தென்காசி மாவட்டத்துக்குப் போச்சு. டின்னவெலிங்கிற எழுத்துக்கூட்டலே அரசாங்கத் தாள்ல இருந்து போயி எத்தனையோ வருஷமாச்சு. அது இப்ப உசுரோட இருக்கிற எடம் மருந்து டப்பாதான்.

இனி மருந்து சமாச்சாரம். இந்த எலைக்குள்ள என்ன இருக்குன்னு நூறு வருஷமா தேடிக்கிட்டு இருந்தாங்க. 1941-ல சுவிட்சர்லாந்துல ஆர்தர் ஸ்டோலும் அவரோட கூட்டாளிகளும் சென்னோசைடு ஏ, பி-ன்னு ரெண்டைப் பிரிச்செடுத்தாங்க. இது வேலை செய்யிற விதம் விசித்திரமானது. வயித்துல கரைஞ்சு ரத்தத்துல ஏறாது. அப்படியே பெருங்குடல் வரைக்கும் போகும். அங்க இருக்கிற பாக்டீரியாதான் அதை உடைச்சு மருந்தா மாத்தும். அது குடலைச் சுருங்க வைக்கும், தண்ணியையும் உப்புச் சத்தையும் உள்ள இழுக்க விடாம வெளிய தள்ளும். இதுக்கெல்லாம் ஆறு மணி நேரத்துல இருந்து பன்னெண்டு மணி நேரம் ஆகும். ராத்திரி குடிச்சா காலையில கேக்குறது அதனாலதான், அத்தையோட கணக்கு துல்லியம்.

தண்ணியோட போற உப்புல பொட்டாசியமும் உண்டு. எப்பவாவது நாலு நாளைக்கு எடுத்தா உடம்பு சமாளிச்சுக்கிடும். வருஷக்கணக்கா எடுத்தா கையிருப்பு கரைஞ்சு, தசை சோர்ந்து, நெஞ்சுத் துடிப்புல போயி நிக்கும். பெருங்குடலோட உள்தோல் கறுத்துப் போறதும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1999-ல வெளியிட்ட மூலிகைத் தொகுப்போட முதல் பாகத்துலயே நிலாவரை எலை, காயி ரெண்டுக்கும் தனித்தனி கட்டுரை இருக்கு. அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயும் சென்னா இருக்கு. நல்ல மருந்துதான். டாக்டரைக் கேக்காம ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு மேல எடுக்காதேங்கிறதுதான் நிபந்தனை. அத்தையோட சந்தைப் பொடி டப்பாவுல அந்த நிபந்தனை எங்கயும் இல்ல. "பக்க விளைவு இல்லாத இயற்கை மூலிகை"ன்னு பச்சை எழுத்துல பெருசா இருந்துது. நாட்டுமருந்தைக் குறை சொல்றேன்னு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்க ஆச்சியும் இதே எலையைத்தான் வச்சிருந்தா. மாசத்துக்கு ஒரு தடவை, அதுவும் சுக்கு தட்டிப்போட்டு, பிள்ளைகளுக்குக் குடுத்துட்டு அன்னைக்கு முழுக்க மோர்சோறுதான் போடுவா. அளவும் நாளும் அவ கையில இருந்துது. டப்பா வாங்குறவங்களுக்கு அதைச் சொல்ல ஆள் கிடையாது.

சரி, செடியை நேர்ல வளத்துப் பாக்கணும்னு ஆசை வந்துட்டுதே. ஒட்டப்பிடாரம் பக்கத்துல வெவசாயம் பாக்குற நண்பர் ஒருத்தர் ஒரு பிடி விதை குடுத்தாரு. "கடையத்துலயா?"ன்னு ஒரு மாதிரி சிரிச்சாரு. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

முதல் தடவை ஆனி மாசம் போட்டேன். விதை முளைக்கவே இல்ல. மேல்தோல் கல்லு மாதிரி, தண்ணி உள்ள போகாது. மழையே வராத ஊர்ல ஒரு தூறலை நம்பி முளைச்சு ஏமாந்துடக்கூடாதுன்னு செடி செஞ்சு வச்சிருக்கிற ஏற்பாடு. நண்பரைக் கேட்டேன். ஆத்து மணலோட சேத்து உள்ளங்கையில வச்சு நல்லாத் தேய்க்கணும், இல்லன்னா உரல்ல போட்டு பட்டும் படாம குத்தணும், அப்புறம் ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போடணும்னாரு. அப்படியே செஞ்சேன். ஒரு வாரத்துல வரிசையா முளைச்சுது. சந்தோஷத்துல படம் எல்லாம் எடுத்து வச்சேன். அதுக்குள்ள சாரல் பிடிச்சுக்கிட்டு. மலையில இருந்து எறங்கி பத்து நாள் விடாம பொசபொசன்னு. ஊருக்கே சந்தோஷம், குற்றாலத்துல கூட்டம், என் பாத்தியில பிணம். தண்டோட அடி கறுத்து ஒவ்வொண்ணாச் சாஞ்சுது.

ரெண்டாவது தடவை ஐப்பசியில. கிழக்க மானாவாரிக்காரங்க புரட்டாசி, ஐப்பசியிலதான் விதைப்பாங்க, அந்தக் கணக்குல போட்டேன். அங்க நாலு மழை பெஞ்சா பெரிய விஷயம். இங்க வடகிழக்குப் பருவமழையும் மலையில மோதிக் கொட்டும். முக்காவாசி போச்சு. வேர்ல தண்ணி ஒரு நாள் நின்னாலும் இது தாங்காது. நெல்லு அறுத்த வயல்லயும் இதைப் போடுறவங்க உண்டு, ஆனா தண்ணி சுத்தமா வடிஞ்சு காஞ்சப்புறம்தான். நெல்லுக்கு வேலி கட்டின கதையால பேரு வாங்கின ஊரு, நெல்லுக்கு ஆகுற தண்ணி ஆகாத செடியால உலகத்துக்குத் தெரியவந்திருக்கு. நான் நட்டு வச்சிருந்தது ராமநதி, கடனாநதி ரெண்டுக்கும் நடுவுல. நண்பர் சிரிச்சது தப்பே இல்ல.

மூணாவது தடவை மாசி மாசம். கொல்லையில முழங்கால் உயரத்துக்குச் செம்மண்ணும் சரளையும் கலந்து மேடு கட்டி, ஒன்றரை அடிக்கு ஒண்ணா, குழிக்கு ரெண்டு விதை. நாத்து விட்டுப் பறிச்சு நடுறதைவிட நேரா விதைக்கிறதுதான் நல்லது, ஆணிவேர் நேரா எறங்கணும். உரம் ஒண்ணும் போடலை, கொஞ்சம் பழைய சாணிப்பொடி மட்டும். முளைக்கிற வரைக்கும் தெளிச்சுவிட்டேன், அப்புறம் வாரத்துக்கு ஒரு சொம்பு. பங்குனி வெயில்ல தக்காளி, கத்திரி எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்கும்போது இது மட்டும் நீலப்பச்சையா நிமிந்து நின்னுது. முழுநாள் வெயில் வேணும். ஓரத்துல வேப்ப மர நெழல் விழுந்த ரெண்டு செடி நோஞ்சானாவே இருந்துது.

எலைக்காக வளக்கிறவங்க மொட்டு வந்ததும் கிள்ளிவிடுவாங்க, அப்பத்தான் எலை பெருகும். எழுபதாவது நாள் வாக்குல முதல் உருவல், அப்புறம் மாசத்துக்கு ஒண்ணா இன்னும் ரெண்டு. உருவின எலையை வெயில்ல போட்டா வெளுத்துப் போகும், நெழல்லதான் ஒரு வாரம், பத்து நாள். மானாவாரியில ஹெக்டேருக்கு ஒரு டன் காஞ்ச எலை, தண்ணி பாய்ச்சினா ரெண்டு டன்னுன்னு வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில இருந்து கேகேஎம் 1-னு ஒரு ரகமே வந்திருக்கு. எனக்கு எலை எதுக்கு? நான் மொட்டைக் கிள்ளலை. ரெண்டு மாசத்துக்கு மேல கொஞ்சம் ஆனதும் செடி உச்சியில நிமிந்த கொத்தா மஞ்சப்பூ. கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடிச்சு உர்ருன்னு ரீங்காரம் போட்டு மகரந்தத்தை உதிர்த்து எடுக்கும், பாத்துக்கிட்டே இருக்கலாம். வெளிறின பச்சையும் வெள்ளையுமா ஒரு பட்டாம்பூச்சி வந்து முட்டை போட்டுட்டுப் போயி, பச்சைப் புழு பாதி எலையைத் தின்னு தீத்துது. பயிர் வச்சவங்களுக்கு அது பூச்சி, எனக்கு விருந்தாளி. விட்டுட்டேன்.

அத்தை ஒரு நாள் கொல்லைக்கு வந்து பாத்தாங்க. "இது என்னல, ஆவாரம்பூ மாதிரி இருக்கு, ஆனா இல்லியே"ன்னாங்க. "உங்க பொடியும் இதுதான், உங்க மகன் அனுப்புன மாத்திரையும் இதுதான்"னேன். ஒரு எலையைக் கிள்ளி மூந்து பாத்தாங்க, வாயில போட்டு மென்னு பாத்தாங்க. மென்ன உடனே துப்பினாங்க. பல வருஷம் குடிச்ச ருசி மறக்குமா? ஒண்ணும் பேசலை. லண்டன் டப்பா நாலும் இன்னும் பிரிக்காம அலமாரியில இருக்கு. இப்ப அத்தைக்குக் காலையில கொய்யாப்பழம், ராத்திரி கேப்பைக் கூழு, நாள் முழுக்க தண்ணி குடின்னு டாக்டரம்மா சொன்ன வைத்தியம்தான் ஓடுது. முன்ன மாதிரி மணி அடிச்சாப்ல இல்ல, ஆனா நடக்குது.

பூவை மட்டும் விடலை. தெனமும் ஒரு கொத்து பறிச்சு பிள்ளையாருக்கு வச்சிடுறாங்க. பாலைவனத்துப் பூவாச்சே, ஆகுமான்னு கேட்டதுக்கு, "அவரு என்ன கேக்கவா போறாரு"ன்னுட்டாங்க.

போன சித்திரையில காயி எல்லாம் முத்தி, நல்ல விதை ரெண்டு பிடி சேந்திருக்கு. வளத்துப் பாக்கணும்னு நெனைக்கிறவங்க தை மாசத்துக்குள்ள சொல்லுங்க, தபால்ல அனுப்பி வைக்கிறேன். கோவில்பட்டி, ராம்நாடு, புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு முன்னுரிமை. தென்காசி, செங்கோட்டை, பாபநாசத்துக்காரங்க வீம்புக்குக் கேக்காதீங்க மக்கா, சாரல்ல செத்துப் போகும்.